மெலியாய்டோசிஸ்: கிருமியும் அதை அடையாளம் காணும் முறையும்

மெலியாய்டோசிஸ் என்பது பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை என்னும் கிராம்-எதிர் பாக்டீரியாவால் மனிதருக்கும் விலங்குகளுக்கும் உண்டாகும் நோய். இது விட்மோர் நோய் என்றும் அழைக்கப்படுகிறது. இக்கிருமி வெப்ப மண்டல நாடுகளின் ஈர மண்ணிலும், வயல் சேற்றிலும், தேங்கிய நீரிலும் இயல்பாக வாழ்கிறது. தோலில் உள்ள காயம் அல்லது வெடிப்பு வழியாகவும், மூச்சுக் காற்று வழியாகவும், காய்ச்சாத குடிநீர் வழியாகவும் உடலுக்குள் புகுகிறது. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது மிக அரிது.

நுரையீரல் அழற்சி, இரத்தத்தில் கிருமி பரவுதல், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி, மூட்டில் சீழ், மூளைத் தொற்று எனப் பல உருவங்களில் வருவதால், இந்நோயை வெளித் தோற்றத்தைக் கொண்டு அறிய முடியாது. ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து அடையாளம் கண்டால்தான் உறுதி. அங்கேயும் இது வேறொரு சாதாரணக் கிருமியாகத் தவறிக் குறிக்கப்படுவது வழக்கம். தவறினால், கொடுக்கப்படும் மருந்து வேலை செய்யாது. 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,65,000 பேருக்கு இந்நோய் வருகிறது. 89,000 பேர் இறக்கின்றனர். அந்தச் சுமையில் பெரும்பங்கு தெற்காசியாவுடையது. இருந்தும் நம் ஊரில் டெங்குவை அறிந்தவர்களில் நூற்றில் ஒருவராவது இந்தப் பெயரைக் கேட்டிருப்பாரா என்பது ஐயமே.

கிராம்-எதிர் என்பதன் பொருள்

டென்மார்க் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல், பெர்லினில் பணியாற்றியபோது, பாக்டீரியாக்களுக்குச் சாயமேற்றும் ஒரு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தகட்டில் கிருமிகளைப் பூசி, முதலில் ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் கரைசலை ஊற்றி, பிறகு ஆல்கஹாலால் கழுவ வேண்டும். சில கிருமிகள் ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும்; இவை கிராம்-நேர் பாக்டீரியா. சில கிருமிகள் நிறத்தை இழந்துவிடும். இவை கிராம்-எதிர் பாக்டீரியா. நிறம் இழந்தவை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கடைசியில் ஒரு சிவப்புச் சாயம் சேர்க்கும் வழக்கம் பின்னால் வந்தது. ஆகவே நுண்ணோக்கியில் முன்னவை ஊதாவாகவும் பின்னவை இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் செல்சுவர். கிராம்-நேர் கிருமியின் சுவர் தடித்தது. சாயமும் அயோடினும் சேர்ந்து உண்டான பெரிய மூலக்கூறு அதற்குள் சிக்கிக்கொள்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது நான் கண்டாங்கிச் சேலையை எடுத்துக்காட்டுவேன்: கனத்த நூல் சாயத்தைக் குடித்துவைத்துக்கொள்ளும், மெல்லிய துணியில் அலசினால் போய்விடும். உவமை முழுப் பொருத்தம் இல்லை, ஆனால் மாணவர்களுக்கு நினைவில் நின்றது. கிராம்-எதிர் கிருமியின் சுவர் மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு படலம் உண்டு. ஆல்கஹால் அந்தப் படலத்தைக் கரைத்துவிடுவதால் சாயம் வெளியேறுகிறது.

அந்த வெளிப்படலமே மருத்துவ முறையில் முக்கியமானது. பென்சிலின், வான்கோமைசின் போன்ற பல மருந்துகளை அது உள்ளே விடுவதில்லை. மேலும் அதில் பொதிந்துள்ள லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருள், கிருமி சிதையும்போது இரத்தத்தில் கலந்து, காய்ச்சலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்குகிறது. அகநச்சு எனப்படுவது இதுதான்.

நோய் தரும் கிராம்-எதிர் கிருமிகளின் பட்டியல் நீளமானது. சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான எஷரிக்கியா கோலை, மருத்துவமனைத் தொற்றுகளில் அடிக்கடி வரும் கிளெப்சியெல்லா, டைபாய்டு தரும் சால்மோனெல்லா டைபி, காலராவின் விப்ரியோ, தீப்புண்ணில் பச்சைச் சீழ் உண்டாக்கும் சூடோமோனாஸ் ஆகியவை பலரும் அறிந்தவை. இவற்றைப் பிரித்தறிவதில் தமிழ்நாட்டுக்கும் வரலாறு உண்டு. 1992இல் சென்னையில் பரவிய காலராவில், அதுவரை கொள்ளைநோய் உண்டாக்கும் என அறியப்பட்ட ஓ1 வகைக்கு மாறாக ஒரு புதிய விப்ரியோ தென்பட்டது. வழக்கமான எதிர்ச்சீரத்தோடு அது திரளவில்லை என்பதே முதல் தடயம். பிறகு அது ஓ139 எனப் பெயர் பெற்றது. ஆய்வக மேசையில் "திரளவில்லை" என்ற ஒரு சொல் எவ்வளவு பெரிய செய்தியாக இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

ரங்கூனில் கண்டறியப்பட்ட கதை

மெலியாய்டோசிஸ் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இடம் ரங்கூன் பொது மருத்துவமனை. அப்போது பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு ரங்கூன் அயலூர் அல்ல. மொகல் தெருக் கிட்டங்கிகளில் கணக்கு எழுதியவர்களின் பேரன்கள் இன்றும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருக்கிறார்கள். பர்மாத் தேக்கில் இழைத்த தூண்கள் இங்குள்ள வீடுகளைத் தாங்கி நிற்கின்றன. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். துறைமுகக் கூலிகள், ரிக்ஷா இழுப்பவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் எனத் தமிழரும் தெலுங்கரும் ஒரியரும் ஆயிரக்கணக்கில் அங்கே உழைத்தனர்.

அம்மருத்துவமனையின் நோய்க்குறியியல் அறிஞர் ஆல்பிரட் விட்மோர் 1911இல், மார்பின் ஊசிப் பழக்கம் கொண்ட ஒருவரின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தார். நுரையீரலில் பாலாடைக்கட்டி போன்ற இறுகிய பகுதிகள் இருந்தன. கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், தோலடி என எங்கும் சீழ்க்கட்டிகள். பார்த்தவுடன் காசநோய் என்று முடிவு கட்டியிருக்கலாம். ஆனால் காசநோய்க் கிருமி அங்கே இல்லை. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்னும் நோயின் சாயல் இருந்தது. இறந்தவருக்கோ குதிரைகளோடு தொடர்பில்லை.

விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் சீழிலிருந்து கிருமியைப் பிரித்து வளர்த்தனர். கிராம் முறையில் நிறம் இழந்த சிறு கோல் வடிவக் கிருமி அது. கிளாண்டர்ஸ் கிருமியும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கிளாண்டர்ஸ் கிருமி அசையாது, இது நீந்தியது. வளர்ப்பூடகத்தில் அதைவிட விரைவாக வளர்ந்தது; நாட்பட்டால் கூட்டமைவின் மேற்பரப்பு சுருங்கியது. கினியெலிகளுக்குச் செலுத்தியபோது நோய் உண்டானது. அவற்றிலிருந்து அதே கிருமி மீண்டும் கிடைத்தது. புதிய கிருமி என்று உறுதி செய்துகொண்டு, இருவரும் 1912இல் 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் அதை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு விட்மோர் 38 நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். கிருஷ்ணசாமி ஆய்வைத் தொடர்ந்து, 1917இல் அதே கெசட்டில் மார்பின் ஊசிக்காரர்களிடம் கண்ட இந்நோயைப் பற்றி எழுதினார்.

இன்றுள்ள நூல்களில் விட்மோரின் பெயரே நோய்க்கு வழங்குகிறது. கிருஷ்ணசாமியின் பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்பில் நின்றுவிடுகிறது. கண்டுபிடிப்புக் கட்டுரையில் இருவர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது என்பதை இங்கே பதிவு செய்வது பொருத்தம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நோயாளிகள் பெரும்பாலும் ஊசி போட்டுக்கொள்ளும் ஏழைகள் என்பதால், அழுக்கான ஊசியே காரணம் என்று அக்காலத்தில் நினைக்கப்பட்டது. அது நியாயமான ஊகம்தான். மண்ணும் நீருமே கிருமியின் வீடு என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின்புதான் தெளிவாயிற்று.

பெயர்கள்

விட்மோர் கொடுத்த பெயர் பேசில்லஸ் சூடோமல்லை. கிளாண்டர்ஸ் கிருமிக்கு மல்லை என்று பெயர், 'சூடோ' என்றால் போலி. கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் கூண்டு விலங்குகளிடையே பரவிய நோயை ஆராய்ந்த ஸ்டான்டனும் பிளெச்சரும் 1921இல் மெலியாய்டோசிஸ் என்ற பெயரைச் சூட்டினர். கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. கிருமி நெடுங்காலம் சூடோமோனாஸ் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 1992இல் பர்க்ஹோல்டேரியா என்ற புதிய பேரினத்துக்கு மாற்றப்பட்டது. வால்டர் பர்க்ஹோல்டர் என்பவர் வெங்காய அழுகலை ஆராய்ந்த அமெரிக்கத் தாவர நோயியலாளர். பெயர் மாற்றம் வெறும் சடங்கல்ல: 'ஏதோ ஒரு சூடோமோனாஸ்' என்று எழுதிவிட்டு நகரும் ஆய்வக வழக்கம் பழைய பெயரின் எச்சமே.

நோயின் போக்கு

கிருமி உடலில் புகுந்து பெரும்பாலும் 1 முதல் 21 நாட்களுக்குள் நோய் வெளிப்படுகிறது. சிலரிடம் மாதங்களோ ஆண்டுகளோ உறங்கிக் கிடந்து, உடல் எதிர்ப்பு குன்றும்போது எழுகிறது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களிடம் இப்படி நேர்ந்ததால், அங்கே இதை 'வியட்நாம் நேரவெடி' என்று அழைத்தனர்.

நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நுரையீரல் தொற்று. காய்ச்சல், இருமல், எடை குறைவு, எக்ஸ்-ரேயில் மேல் நுரையீரலில் நிழல் என்று வந்தால், நம் நாட்டில் எந்த மருத்துவரும் முதலில் காசநோயை நினைப்பார், நினைக்கவும் வேண்டும். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. சளியில் காசநோய்க் கிருமி தென்படாத நிலையிலும் மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுக்கப்பட்டு, குணமாகாமல், கடைசியில் மெலியாய்டோசிஸ் என்று தெரியவந்த நோயாளிகளை இந்திய மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்துள்ளன.

கல்லீரலிலும் மண்ணீரலிலும் ஒரே நேரத்தில் பல சிறு சீழ்க்கட்டிகள் இருப்பது வலுவான அறிகுறி. ஸ்கேனில் கல்லீரல் கட்டி தேன்கூடு போலக் கண்ணறைகளாகத் தெரியும். ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் சீழ் பிடிப்பது மற்றக் கிருமிகளைவிட இதில் அதிகம். தாய்லாந்தில் குழந்தைகளுக்குக் காதடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கிச் சீழ் கொள்வது பரவலாகக் காணப்படுகிறது. பொன்னுக்குவீங்கி என்று எண்ணி விட்டுவிடக்கூடும். மூட்டு, எலும்பு, தோல், மூளை எதுவும் விதிவிலக்கல்ல. கிருமி இரத்தத்தில் பெருகி அதிர்ச்சி நிலை ஏற்பட்டால், ஓரிரு நாளில் மரணம் நேரலாம்.

யாருக்கு வருகிறது என்பது இந்நோயின் மிகத் தெளிவான பகுதி. நல்ல உடல்நலம் உள்ளவர் சேற்றில் நாள் முழுதும் நின்றாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நீரிழிவு உள்ளவர்க்கே ஆபத்து அதிகம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவரின் வெள்ளணுக்கள் இக்கிருமியை விழுங்கி அழிப்பதில் பின்தங்குகின்றன. அடுத்து மிகுந்த மதுப்பழக்கம், நாட்பட்ட சிறுநீரக நோய், நுரையீரல் நோய், தலசீமியா, ஸ்டீராய்டு மருந்துகள். 2023இல் வெளியான தேசிய ஆய்வு இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி என்று கணக்கிட்டது. கண்மாய்ப் பாசனத்தில் நெல் நட்டு, வெறுங்காலோடு தொளியில் இறங்கி, காலில் வெடிப்பும், இரத்தத்தில் கட்டுப்படாத சர்க்கரையும் கொண்ட ஐம்பது வயதுக்காரர் சிவகங்கை மாவட்டத்தின் எந்த ஊரிலும் இருப்பார். மருத்துவ நூல்கள் வரையும் மெலியாய்டோசிஸ் நோயாளியின் உருவம் ஏறக்குறைய அதுவே. மழைக்காலத்தில் நோய் கூடுகிறது. கனமழையோடு காற்றும் சேரும்போது கிருமி நீர்த்திவலைகளில் ஏறி மூச்சோடு உள்ளே போகிறது. அப்போது நுரையீரல் வடிவமும் கடுமையும் மிகுதி.

ஆய்வகத்தில் அடையாளம் காணல்

முதல் படி சரியான மாதிரியை எடுப்பது. இரத்தம், சளி, சீழ், சிறுநீர், தொண்டைத் துடைப்பு ஆகிய அனைத்தையும், கட்டி எங்கே இருந்தாலும், வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும். ஆரோக்கியமான மனிதரின் தொண்டையில் இக்கிருமி குடியிருப்பதில்லை. ஆகவே எந்த மாதிரியில் ஒரு முறை கிடைத்தாலும் அது நோய்தான். 'தற்செயலாகக் கலந்தது' என்று ஒதுக்க இடமில்லை. ஆனால் ஒரு முறை வளரவில்லை என்பதால் நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது. வளர்ப்புச் சோதனை உண்மையான நோயாளிகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரையே பிடிக்கிறது. ஐயம் வலுவாக இருந்தால் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும்.

கிராம் சாயத்தில் இது இளஞ்சிவப்பான சிறு கோல். இரு முனைகளும் அழுத்தமாகச் சாயமேறி, நடு வெளிறி, மூடிய ஊக்கு போலத் தெரியும். இந்த அடையாளம் அழகானது, ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. வேறு சில கிருமிகளும் இப்படித் தோன்றும், இக்கிருமியே சில வேளை அப்படித் தோன்றாது.

இரத்த அகரில் 24 மணி நேரத்தில் சிறிய, வெண்மையான, வழவழப்பான கூட்டமைவுகள் வரும். இந்த நிலையில் அதைத் தனித்து அறிவது கடினம். இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால் உலர்ந்து, சுருக்கம் விழுந்து, உலோகப் பளபளப்புப் பெறும். ஒரு நாளில் தட்டைத் தூக்கி எறியும் பரபரப்பான ஆய்வகத்தில் அந்தச் சுருக்கத்தைப் பார்க்க யாரும் இருப்பதில்லை. மக்கான்கி அகரில் வளரும், லாக்டோசைப் புளிக்கவைக்காது. எஷரிக்கியாவும் கிளெப்சியெல்லாவும் அத்தட்டில் இளஞ்சிவப்பாகத் தெரியும் என்பதால், அவற்றிலிருந்து பிரிக்க இது முதல் வடிகட்டி. அடுத்தது ஆக்சிடேஸ் சோதனை: வினைப்பொருள் நனைத்த தாளில் கிருமியைத் தேய்த்தால் சில வினாடிகளில் கருநீலமாகும். எஷரிக்கியாக் குடும்பத்துக்கு இது எதிர்மறை.

இவ்வளவில் கையில் இருப்பது 'லாக்டோஸ் புளிக்கவைக்காத, ஆக்சிடேஸ் நேர்மறையான, கிராம்-எதிர் கோல்'. சூடோமோனாஸ் ஏருஜினோசாவுக்கும் இதே விவரணைதான். பல ஆய்வகங்கள் இங்கேயே நின்று 'சூடோமோனாஸ் இனம்' என்று முடிவு எழுதிவிடுகின்றன. நோயாளியின் விதி பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

இதைத் தாண்ட விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மூன்று மருந்துத் தட்டுகள் போதும். எந்த மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்திலும் அவை இருக்கும். பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை பொதுவாக ஜென்டாமைசினுக்கு அடங்காது. கொலிஸ்டினுக்கும் பாலிமிக்சினுக்கும் அடங்காது. ஆனால் கோ-அமாக்சிகிளாவுக்கு அடங்கும். சூடோமோனாஸ் ஏருஜினோசா இதற்கு நேர்மாறு: கோ-அமாக்சிகிளாவுக்கு இயல்பிலேயே அடங்காது, கொலிஸ்டினுக்குப் பெரும்பாலும் அடங்கும். ஜென்டாமைசின், கொலிஸ்டின் தட்டுகளைச் சுற்றி வளர்ச்சி, கோ-அமாக்சிகிளாவைச் சுற்றித் தெளிந்த வட்டம் என்று ஒரே அகரில் பார்த்தால், உடனே மேல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மலேசியாவின் சரவாக்கில் ஜென்டாமைசினுக்கு அடங்கும் வகைகள் உண்டு என்பதால் மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சளி, தொண்டை போன்ற இடங்களிலிருந்து வரும் மாதிரிகளில் வேறு பல கிருமிகள் கலந்திருக்கும். அவற்றை அடக்கி இதை மட்டும் வளர்க்க ஆஸ்திரேலியாவின் லெஸ்லி ஆஷ்டவுன் 1979இல் ஒரு தனி ஊடகத்தை உருவாக்கினார். அதில் ஜென்டாமைசினும் ஊதாச் சாயமும் கிளிசராலும் சேர்ந்திருக்கும். கிருமியின் மருந்து எதிர்ப்பையே அதைப் பிடிக்கும் வலையாக மாற்றிய உத்தி இது. நான்கு நாள் வரை விட்டுவைத்தால் கூட்டமைவுகள் ஊதா நிறத்தில், உலர்ந்த பூப்போலச் சுருங்கி நிற்கும்.

தானியங்கிக் கருவிகளை முழுதும் நம்புவதும் சரியல்ல. இக்கிருமியை அவை சில நேரங்களில் பர்க்ஹோல்டேரியா செபேசியா என்றும், தரவுத்தளம் போதாவிட்டால் நோய் தராத தாய்லாந்து வகையான பர்க்ஹோல்டேரியா தாய்லாண்டென்சிஸ் என்றும் சொல்லிவிடுகின்றன. லேடெக்ஸ் திரளல் சோதனையும், பி.சி.ஆர். சோதனையும் உறுதிப்படுத்த உதவும். இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை நோய் பரவியுள்ள பகுதிகளில் பயன் குறைவு. சேற்றில் வாழ்ந்தவர் பலருக்கு நோயில்லாமலே எதிர்ப்பொருள் இருக்கும். டைபாய்டுக்கான வைடால் சோதனையில் நாம் கண்ட அதே குழப்பம்.

ஆய்வகப் பணியாளர் ஒரு எச்சரிக்கையை மறக்கக் கூடாது. இக்கிருமியின் கூட்டமைவு மண்வாசனை தரும் என்று பழைய நூல்கள் எழுதியுள்ளன. தட்டைத் திறந்து முகர்ந்து பார்ப்பது இன்று கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டிய செயல்; மூச்சு வழியாகத் தொற்றும் கிருமி இது. ஐயம் எழுந்த நொடியிலிருந்து பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டுமே கையாள வேண்டும். அமெரிக்காவில் இது உயிராயுதமாகப் பயன்படக்கூடிய கிருமிகளின் உயர்நிலைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

தமிழ்நாட்டிலும் அண்டை நாடுகளிலும்

இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். கொழும்பில் இருந்த ஐரோப்பியத் தேயிலைத் தரகர் அவர். அதன்பின் பல பத்தாண்டுகள் அங்கே ஏறத்தாழ மௌனம். தேடத் தொடங்கிய பிறகு, இந்த நூற்றாண்டில், தீவின் பல மாகாணங்களிலிருந்தும் நோயாளிகள் கண்டறியப்பட்டனர்.

இந்தியாவின் கதையும் அதுவே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் 1996இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதிய கட்டுரை, இதுவரை தென்பட்டது பனிப்பாறையின் நுனிதானா என்று கேட்டது. வேலூரிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் கர்நாடகத்தின் மணிப்பாலிலும் நோயாளிகள் தொடர்ந்து கண்டறியப்படுகின்றனர். இந்த ஊர்களில் மட்டும் கிருமி அதிகம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அங்கே அதைத் தேடத் தெரிந்த ஆய்வகங்கள் இருக்கின்றன.

2022–23இல் வட தமிழ்நாட்டில் நேர்ந்த நிகழ்வு, அடையாளம் காணும் திறனின் மதிப்பைக் காட்டுகிறது. காய்ச்சல், முக வீக்கம், தலைவலி, முக நரம்பு செயலிழப்பு ஆகிய அறிகுறிகளுடன் சில நோயாளிகள் வேலூருக்கு வந்தனர். மூளையில் மெலியாய்டோசிஸ் வருவது பொதுவாக மிக அரிது. ஒரே வட்டாரத்திலிருந்து பலர் வந்தது ஐயத்தைக் கிளப்பியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து விசாரித்தன. கண்டறியப்பட்ட 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவ நிலையத்துக்குச் சென்றவர்கள் என்று தெரிந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துவிட்டனர். அங்கே பயன்பாட்டில் இருந்த உப்புக்கரைசல் புட்டியில் அதே கிருமி கிடைத்தது. திறந்த புட்டியைத் தூய்மை கெட்ட நிலையில் மறுபடி மறுபடி பயன்படுத்தியதே வழி என்று 2025இல் வெளியான ஆய்வுக் கட்டுரை விளக்கியது. வாயிலிருந்து நரம்புகளைப் பற்றிக்கொண்டு கிருமி மூளையை அடைந்திருக்கிறது.

பல் பிடுங்கப் போனவர் மூளைத் தொற்றால் இறந்தார் என்றால், தனித்தனியாகப் பார்க்கும் எட்டுக் குடும்பங்களுக்கும் அது விதி என்றே தோன்றியிருக்கும். கிருமியின் பெயர் தெரிந்ததால்தான் எட்டு மரணங்களும் ஒரு புட்டியில் வந்து சேர்ந்தன.

கிருமி பயணம் செய்யும் விதத்துக்கு இன்னொரு சான்று 2021இல் அமெரிக்காவில் கிடைத்தது. வெளிநாடு போகாத நான்கு பேருக்கு நான்கு மாநிலங்களில் மெலியாய்டோசிஸ் வந்தது, இருவர் இறந்தனர். நால்வரின் கிருமிகளும் மரபணுவில் ஒன்றேபோல, தெற்காசிய வகையைச் சேர்ந்தவையாக இருந்தன. மாதங்கள் நீண்ட தேடலுக்குப் பின், இந்தியாவில் தயாரான அறை நறுமணத் தெளிப்பான் ஒன்றில் கிருமி இருந்தது தெரிந்து, அப்பொருள் திரும்பப் பெறப்பட்டது.

சிகிச்சை

சிகிச்சை இரண்டு கட்டம். முதலில் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள். ஆழ்ந்த சீழ்க்கட்டியோ மூளைத் தொற்றோ இருந்தால் வாரக்கணக்கில். பிறகு கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை மூன்று முதல் ஆறு மாதம். பெரிய கட்டிகளை வடிக்க வேண்டும். வடகிழக்குத் தாய்லாந்தில் நடந்து 1989இல் வெளியான ஆய்வில், செஃப்டாசிடைம் கொடுத்தபோது கடுமையான நோயின் மரணம் 74 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாகப் பாதியாயிற்று.

இரண்டாம் கட்டத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது, பசி எடுக்கிறது, மாத்திரை எதற்கு என்று நிறுத்தினால், உள்ளே ஒளிந்திருக்கும் கிருமி மீண்டும் எழும். முதல் கட்டத்திலும் காய்ச்சல் தணியச் சராசரியாக ஒன்பது நாள் ஆகிறது; மூன்றாம் நாளே மருந்து பலிக்கவில்லை என்று மாற்றிவிடக் கூடாது.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1989 முதல் முப்பது ஆண்டுகள் நடந்த கண்காணிப்பில் 1,148 நோயாளிகள் பதிவாயினர். தொடக்கத்தில் 31 விழுக்காடாக இருந்த இறப்பு, கடைசி ஐந்தாண்டுகளில் 6 விழுக்காடாகக் குறைந்தது. அடிப்படை மருந்துகள் நம் நாட்டில் கிடைப்பவைதாம். விரைவாக ஐயுறுதல், விரைவாக வளர்த்தறிதல், நல்ல தீவிர சிகிச்சை ஆகியவற்றாலேயே இந்த வேறுபாடு.

தடுப்பு

தடுப்பூசி இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் நடவு, களையெடுப்பு, கண்மாய் மராமத்து, வாய்க்கால் தூர்வாருதல் போன்ற வேலைகளில் இறங்கும்போது ரப்பர் காலணியும் கையுறையும் அணிவது நல்லது. முழங்கால் சேற்றில் காலணி மாட்டிக்கொண்டு நிற்கும் என்று உழவர்கள் சொல்வது உண்மையே. அப்படியானால் காலில் உள்ள வெடிப்பையும் காயத்தையும் நீர் புகாத கட்டால் மூடிக்கொண்டு, வேலை முடிந்தவுடன் சோப்பும் நல்ல நீரும் கொண்டு கழுவ வேண்டும். குடிநீரைக் காய்ச்ச வேண்டும். புயல் மழை நேரத்தில் வெட்டவெளியில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், மருத்துவரிடம் மூன்று செய்திகளைக் கேட்காமலே சொல்லிவிடலாம்: சர்க்கரை நோய் உண்டு என்பது, வயலிலோ கண்மாயிலோ இறங்கியது, காசநோய் மருந்து எடுத்தும் குணமாகவில்லை என்பது. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் இரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். சீழ் வடித்தால் அதைக் கொட்டிவிடாமல் ஆய்வகத்துக்கு அனுப்பும்படியும், அனுப்பும் சீட்டில் 'மெலியாய்டோசிஸ் ஐயம்' என்று எழுதும்படியும் கேட்கலாம். அந்த இரு சொற்கள் இருந்தால் ஆய்வக நுட்பர் தட்டை மறுநாளே எறியாமல் நான்கு நாள் வைத்துப் பார்ப்பார்.